பூட்டியின் பெயர் என்ன? – தீவக மூதாதையரைத் தேடும் ஒரு வழி

தீவகத்தில் வேர் உள்ள ஒரு வீட்டில் பரம்பரைக் கதை கேட்டால், அது பெரும்பாலும் ஓர் ஆணிடமிருந்துதான் தொடங்கும். சில வீடுகளில் அவர் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய முதலி. சில வீடுகளில் ஒல்லாந்தர் காலத்து உடையார். சில வீடுகளில் பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். நெடுந்தீவில் சில வீடுகளில் அவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருடைய பட்டம், அவர் கட்டிய கோயில், அவர் வெட்டிய கிணறு என்று எல்லாவற்றையும் பெரியவர்கள் ஒழுங்காகச் சொல்வார்கள். அவர் கலியாணம் செய்த பெண்ணின் பெயரைக் கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது.

நம் பாடசாலையின் வரலாற்றை எழுதுவதற்கு மூத்த அக்காமாரும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். எனவே இந்த நூற்றாண்டு மலரில் நாம் வேறொன்றை எழுதுகிறோம். அந்நியர் ஆட்சிக் காலத்து மூதாதையரைத் தீவகக் குடும்பம் ஒன்று எப்படித் தேடலாம், அந்தத் தேடலில் பெண்களை எங்கே கண்டுபிடிக்கலாம் என்பதே நம் பொருள். படித்தது மருத்துவம் என்றாலும், இந்தத் தேடல் நம் தொழிலோடும் தொடர்புடையதுதான். அதைப் பின்னால் சொல்வோம்.

வந்தவர்கள் வைத்த பெயர்கள்

வெளியாட்கள் வருவது நம் தீவுகளுக்குப் புதிதல்ல. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்று கணக்கும் சொல்கிறது. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை.

1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், கப்பல் அணையும் துறைமேடைக்குத் தம் மொழியில் உள்ள 'கயிஸ்' என்ற சொல்லால் அந்த ஊரை அழைத்தார்கள். 'கயிற்ஸ்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1658 இல் வந்த ஒல்லாந்தரோ தீவுகள் ஒவ்வொன்றுக்கும் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லெய்டன் ஆனது. காரைதீவு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். இலங்கைத் தீவின் வடிவம் அவர்களுக்குப் பன்றித்தொடை போலத் தெரிந்ததாம். அதனால் தொடையின் குதிப் பக்கத்தில், ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் கோட்டை 'ஹமன்ஹீல்' ஆயிற்று. இந்தத் தீவுப் பெயர்களில் இன்றும் பலர் வாயில் புழங்குவது டெல்ஃப்ட் ஒன்றுதான்.

1795 இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் காலத்துக் கதை ஒன்றில்தான் நம் தேடல் உண்மையில் சூடுபிடிக்கிறது.

நெடுந்தீவின் இரண்டு தந்தையர்

நெடுந்தீவுக்காரரின் பரம்பரைக் கதைகளில் இரண்டு ஆண்கள் அடிக்கடி வருவார்கள். முதலாமவர் தனிநாயக முதலி. யாழ்ப்பாண அரசர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து நெடுந்தீவில் குடியமர்த்தப்பட்ட பெரியவர் என்று யாழ்ப்பாண வைபவமாலை அவரைக் குறிப்பிடுகிறது. மாதகல் மயில்வாகனப் புலவர் அந்த நூலை எழுதியது 18 ஆம் நூற்றாண்டில், ஓர் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்காக. நம் ஊர் எப்படித் தோன்றியது என்ற கதையே அந்நிய ஆட்சியாளர் கேட்டதால் ஏட்டில் ஏறியது என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்டவருக்குத் தேவைப்பட்டது எந்த ஊரில் எந்தக் குலத்தலைவர் என்பது. அதற்கேற்றபடி விடையும் அமைந்தது.

அந்தப் பெயர் 20 ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றியது. 1913 ஆகஸ்ட் 2 இல் கரம்பனில் பிறந்த சேவியர் ஸ்தனிஸ்லாஸ், நெடுந்தீவு முன்னோரின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டு தனிநாயகம் அடிகள் ஆனார். ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த ஆரம்பகாலத் தமிழ் அச்சு நூல்களைத் தேடி வெளிக்கொணர்ந்தார். 1679 இல் அச்சான அந்தாம் தெ புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966 இல் மறுபதிப்புச் செய்தார். தொலைந்துபோனது என்று நினைத்த ஒன்று எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. தேடுகிறவர் எவருக்கும் அந்த நம்பிக்கை வேண்டும்.

இரண்டாமவர் நோலன் துரை. பிரித்தானிய அதிகாரியான லெப்டினன்ட் எட்வேட் நோலன் 1811 முதல் 1824 வரை நெடுந்தீவை நிருவகித்தார். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து அங்கே வளர்க்கப்பட்ட குதிரைகள் அவருடைய பொறுப்பில் இருந்தன. குதிரை லாயத்தின் கற்றூண்கள் சிதைந்த நிலையில் இன்றும் நிற்கின்றன. இது ஏட்டில் உள்ளது. ஏட்டுக்கு வெளியே உள்ளது ஊர்க்கதை. துரைக்கு ஊரில் பல பெண்களிடம் பிள்ளைகள் பிறந்தன என்றும், சில குடும்பங்களில் இன்றும் காணப்படும் வெளிறிய நிறமும் பூனைக்கண்ணும் அவர் வழி வந்தவை என்றும் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் இந்தக் கதை உண்டு. தாய்வழியில் யாருக்காவது சாம்பல் நிறக் கண் அமைந்துவிட்டால், "நோலன்ர வம்சம்" என்று சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு கேள்வி அமுங்கிப்போகிறது. கடலால் சூழப்பட்ட ஒரு தீவில், அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்த ஓர் ஆணின் கதை அது. அந்தப் பெண்கள் யார்? விரும்பிப் போனார்களா, மறுக்க முடியாமல் போனார்களா? பிள்ளைகளை யார் வளர்த்தார்கள்? துரைக்குப் பெயரும் பதவியும் ஆண்டும் உண்டு. பெண்களுக்கு அந்தக் கதையில் ஒரு பெயர்கூட இல்லை.

உடல் சொல்லும் கணக்கு

வெளிநாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகள் உமிழ்நீரை அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள். முடிவைக் கொண்டுவந்து நம்மிடம் கேட்கவும் செய்கிறார்கள். ஆகவே சில அடிப்படைகளைச் சொல்லிவைப்பது நல்லது.

நமக்குப் பெற்றோர் 2, பேரன் பேத்தி 4, பூட்டன் பூட்டி 8. இப்படியே ஏறினால் ஆறாவது படியில் 64 பேர், ஏழாவது படியில் 128 பேர். நோலன் துரை காலத்தில் வாழ்ந்தவர் இன்று நடுவயதில் உள்ள ஒருவருக்கு ஏறத்தாழ ஏழாவது படியில் இருப்பார். அவர் உண்மையிலேயே முன்னோர் என்றாலும் 128 இடங்களில் ஓர் இடம்தான் அவருடையது. மச்சான் மச்சாள் கலியாணம் வழக்கமான நம் ஊரில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் வரலாம். அப்படியானாலும் மீதி நூற்றுக்கு மேற்பட்ட இடங்களை நிரப்பியவர்கள் பனை ஏறியவர்களும், வலை வீசியவர்களும், சாயவேர் கிண்டியவர்களும், குரக்கன் இடித்தவர்களும்தான். அவர்களில் சரிபாதி பெண்கள்.

சாம்பல் நிறக் கண் ஒன்றையே ஐரோப்பிய முன்னோருக்குச் சான்றாகக் கொள்ளவும் முடியாது. அத்தகைய கண்கள் தெற்காசியாவில் வேறு பல இடங்களிலும் உள்ளன. மரபணுப் பரிசோதனை இரண்டு நேர்கோடுகளை ஓரளவு தெளிவாகக் காட்டும். வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். இழைமணியில் உள்ள மரபணுப்பொருள் தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வரும், மகள் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். தாய், தாயின் தாய், அவளின் தாய் என்று இடையறாமல் போகும் அந்தக் கோட்டை உடல் மறக்கவில்லை. பெயர்களை மறந்தது நாம்தான்.

இதில் வெறும் ஆர்வத்துக்கு மேலான ஒன்றும் உண்டு. நோயாளியிடம் குடும்ப வரலாறு கேட்பது மருத்துவரின் நாளாந்த வேலை. "அப்பாவின் தகப்பன் எதில் இறந்தார்?" என்றால் பலர் சொல்வார்கள். "அம்மம்மாவின் சகோதரிகள் எதில் இறந்தார்கள்? அப்பம்மா?" என்றால், "வயிற்றில ஏதோ கட்டி", "பிள்ளைப்பேற்றில", "தெரியாது" என்றே பதில் வரும். மார்பகப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் வழிவிடும் சில மரபணு மாற்றங்கள் தாய் வழியாகவும் வரும், தந்தை வழியாகவும் வரும். தந்தை வழியில் வந்தாலும் நோயாக வெளிப்பட்டிருப்பது பெரும்பாலும் அப்பம்மாவிடமும் மாமிமாரிடமும்தான். அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாத குடும்பத்தில் எச்சரிக்கை மணி நேரத்துக்கு அடிக்காது.

தோம்பில் யார் இருக்கிறார்கள்?

சரி, எங்கே தேடுவது? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நிலத்தையும் ஆட்களையும் தோம்புகளில் பதிந்தார்கள். வரி வாங்கவும் ஊழியம் வாங்கவும் உருவான ஏடுகள் அவை. ஆகவே வரி கட்டக்கூடிய, வேலைக்குப் பிடிக்கக்கூடிய ஆண்களே அவற்றில் முன்னுக்கு நிற்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்துப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் பதிந்தார்கள். அவற்றில் பெண்கள் கொஞ்சம் கூடுதலாகத் தென்படுவார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவு பெரிய கொடை. பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயரும் ஞானத்தாயின் பெயரும் இருக்கும். ஞானத்தாய் பெரும்பாலும் நெருங்கிய சொந்தமாகவே இருப்பார். சைவக் குடும்பங்களில் சாதக ஓலைகளும், திவசத்துக்கும் ஆடி அமாவாசைக்கும் சொல்லப்படும் மூன்று தலைமுறைப் பெயர்களும் உதவும். தாய், பேத்தி, பூட்டி என்ற வரிசை அங்கே இன்றும் உச்சரிக்கப்படுகிறது. குருக்கள் கேட்கும்போது சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மறந்துவிடுகிறோம்.

தூர இருப்பவர்களுக்கும் வழி உண்டு. ஒல்லாந்தர் கால ஏடுகளின் பெரும்பகுதி கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும், ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்துத் தேசிய சுவடிக் காப்பகத்திலும் இருக்கிறது. ஆங்கிலேய ஆள்பதிகள் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் கியூவில் உள்ள காப்பகத்தில் இருக்கின்றன. ஒல்லாந்திலும் இங்கிலாந்திலும் வாழும் நம் மாணவிகள் ஒரு சனிக்கிழமையை அதற்குச் செலவிடலாம்.

சீதன உறுதி என்னும் ஏணி

ஆனால் பெண்களைத் தேடுவதற்கு மிகச் சிறந்த ஆவணம் கொழும்பிலும் இல்லை, ஹேக்கிலும் இல்லை. அது நம் வீட்டு றங்குப்பெட்டியில் இருக்கிறது. அதுதான் சீதன உறுதி.

1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தார். 12 முதலிமார் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதைச் சட்டமாக ஏற்றார்கள். அதுவே தேசவழமை. அதன்படி முன்னைய வழக்கில் தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கு, தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. போர்த்துக்கேயர் காலத்தில் இந்தப் பிரிப்புத் தளர்ந்தது என்றும் அந்தத் தொகுப்பே சொல்கிறது. தளர்ந்தாலும், தாய்க்குச் சீதனமாக வந்த வளவு மகளுக்குச் சீதனமாகப் போகும் பழக்கம் ஊரில் நிலைத்தது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்பின் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டியதாயிற்று. எழுதும்போது அந்தக் காணி கொடுப்பவருக்கு எப்படி வந்தது என்பதையும் எழுத வேண்டும். 'எனது தாயாரால் இன்ன திகதிய இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி எனக்குக் கிடைத்ததும்' என்ற பாணியில் ஒரு வரி வரும். அந்த வரிதான் ஏணியின் அடுத்த படி. எல்லைகளையும் விடாமல் வாசிக்க வேண்டும். கிழக்கு எல்லை இன்னார் பெண்சாதி நாகமுத்து, வடக்கு எல்லை சின்னாச்சிப்பிள்ளையும் பங்காளரும் என்று அயலில் இருந்த பெண்களும் வருவார்கள். பெரும்பாலும் அவர்கள் சகோதரிகளாகவோ சிறியதாய் பெரியதாய் மாராகவோ இருப்பார்கள்.

இந்த ஏணியைப் பெண்ணுரிமையின் கொடி என்று மட்டும் பார்க்கக்கூடாது. கலியாணம் செய்த பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும். இன்னும் கசப்பான ஒன்றும் உண்டு. தேசவழமைத் தொகுப்பில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. காணியோடும் நகையோடும் மனிதரும் சீதனமாகக் கொடுக்கப்பட்ட காலம் அது. ஆங்கிலேயர் 1806 இலிருந்து அடிமைகளைப் பதியச் சொன்னார்கள். 1816 ஆகஸ்ட் 12 இற்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று யாழ்ப்பாணத்து உடைமையாளர் பலர் உடன்பட்டார்கள். 1821 இல் பெண்குழந்தைகளை அரசே விலைகொடுத்து மீட்கும் பிரமாணம் வந்தது. முழுமையான ஒழிப்பு 1844 இல். ஆகவே காணி வைத்திருந்த வீட்டுப் பெண் உறுதியைப் பெற்றவளாக ஏட்டில் வருகிறாள். காணியில்லாத வீட்டுப் பெண் இன்னொருத்தியின் சொத்துப் பட்டியலில் வருகிறாள். நம் பாடசாலை வாங்குகளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து படித்தவர்கள் இந்த இரண்டு வீட்டுப் பேத்திமாரும்தான். பரம்பரையைத் தேடுகிறவர் எந்தப் பக்கத்தைக் கண்டாலும் அதை மறைக்காமல் எழுதிவைப்பதே மரியாதை.

கீறலும் கையெழுத்தும்

எங்கள் தாய்வழியில் மிஞ்சியவை நான்கு உறுதிகள். இடப்பெயர்வின்போது துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவரப்பட்டதால் தப்பியவை. அவற்றைப் பின்னோக்கி வாசித்தோம். அம்மாவின் உறுதியில் அம்மம்மா, அம்மம்மாவின் உறுதியில் பூட்டி, பூட்டியின் உறுதியில் அவருடைய தாய். அதில் குறிப்பிடப்பட்ட பழைய உறுதியின் விபரத்தைக் காணிப் பதிவகத்தில் தேடியபோது இன்னும் ஒரு பெண். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐந்து பெண்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைத்தன. நோலன் துரையை அங்கே காணவில்லை. இருந்தார் என்றோ இல்லை என்றோ அந்தக் காகிதங்கள் சொல்லவில்லை. எங்களுக்கு அது இப்போது பெரிய விடயமாகவும் தோன்றவில்லை. தேடப் போனது ஒரு துரையை. கிடைத்தது ஒரே வளவில் ஒருவர் பின் ஒருவராக வாழ்ந்த ஐந்து பெண்களை.

அந்த உறுதிகளின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. பூட்டியின் உறுதியில் கொடுத்தவரும் பெற்றவரும் இட்டது கீறல் அடையாளம். இது இன்னாரின் கீறல் என்று நொத்தாரிசு பக்கத்தில் எழுதியிருக்கிறார். 1940களில் எழுதப்பட்ட அம்மம்மாவின் உறுதியில் கொடுத்த பூட்டி கீறியிருக்கிறார். பெற்றுக்கொண்ட அம்மம்மா தமிழில், ஒவ்வோர் எழுத்தும் வட்டமாக, பள்ளிக்கூடக் கையெழுத்தில் தன் பெயரை முழுவதுமாக எழுதியிருக்கிறார். அவர் நம் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்.

இலவசக் கல்வி வந்தது 1945 இல். சர்வசன வாக்குரிமையால் பெண்கள் வாக்காளர் இடாப்பில் ஏறியது 1931 இல். அவற்றுக்கு முன்னரே ஒரு பெட்டைப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று யாரோ ஒரு தாய் முடிவு செய்திருக்கிறார், தான் கீறல்தான் இடக்கூடியவர் என்பதை நன்கு தெரிந்துகொண்டே. நம் பாடசாலை தீவகத்துக்கு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும்.

இனிச் செய்ய வேண்டியது

1990, 1991 ஆண்டுகளில் தீவகம் பெரும்பாலும் வெறுமையானது. வீடுகளோடு றங்குப்பெட்டிகளும் போயின. இன்று காணியை மீட்கவும், எல்லையை நிறுவவும், பிள்ளைகளுக்கு எழுதவும் பலர் பழைய உறுதிகளைத் தேடி அலைகிறார்கள். உறுதியின் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் பதிவகத்தில் பிரதி எடுக்க வழி உண்டு. அவை தெரியாவிட்டால் அயல்காணிக்காரரின் உறுதியில் உள்ள எல்லை வரியிலிருந்து தொடங்கலாம். நம் உறுதி தொலைந்தாலும் பக்கத்து வளவின் உறுதியில் நம் பூட்டி எல்லையாக நின்றுகொண்டிருப்பார்.

எனவே சகோதரிகளே, ரொறன்ரோவில் இருந்தாலும் பரிசில் இருந்தாலும் வேலணையில் இருந்தாலும், இந்த வருடத்துக்குள் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். வீட்டில் உள்ள உறுதி, சாதகம், ஞானஸ்நானப் பத்திரம் எல்லாவற்றையும் இருபக்கமும் படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள். பழைய மலர்களையும் நூல்களையும் 2005 இலிருந்து எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றில் பொதுவானவற்றைச் சேர்க்கலாம். அடுத்து, உயிரோடு உள்ள மூத்த பெண்களிடம் கேளுங்கள். துரையைப் பற்றி வேண்டாம். தாயின் பெயர், தாயின் சகோதரிகள், எந்த வளவு யாருக்குப் போனது, யார் எந்த வயதில் எந்த வருத்தத்தில் இறந்தார்கள், எத்தனை பிள்ளைகள் தங்கவில்லை என்று கேளுங்கள். சொல்லும்போது அழுதால் நிறுத்தி, இன்னொரு நாள் கேளுங்கள். மூன்றாவதாக, தாய்வழியில் தெரிந்த பெயர்களைக் கீழிருந்து மேலாக ஒரு தாளில் எழுதி, அதைப் பிள்ளைகளுக்கும் குடும்ப வைத்தியருக்கும் கொடுங்கள்.

அந்தத் தாளின் ஒரு பிரதியைச் சங்கத்துக்கும் அனுப்பினால், அவற்றைச் சேர்த்து ஒரு பெயரேடாகக் கட்டலாம். ஒருவருடைய தாளில் மேலே நிற்கும் பெண் இன்னொருவருடைய தாளிலும் நிற்பார். ஒரே வகுப்பில் படித்தும் தெரியாமல் போன சொந்தங்கள் அப்போது தெரியவரும். ஐந்து பெயர் தெரிந்தவர்கள் ஐந்தை எழுதுங்கள். இரண்டுதான் தெரியும் என்றால் இரண்டை எழுதி, மூன்றாவதற்கு இடம் விட்டு அனுப்புங்கள்.